உங்களுக்கு மிகவும் பிடித்த ராக், மெட்டல் ஆல்பங்கள் எவை? ஏன் பிடிக்கும்?

பத்து ஆல்பங்களுக்கு எண் போட்டு அடுக்க எனக்கு வராது. ஐந்துதான் சொல்வேன். அவற்றில் நான்குக்குப் பொதுவான ஒரு விஷயம் உண்டு: வேலை செய்கிற கை எனக்குக் காதில் விழ வேண்டும். குரல் எவ்வளவு உயரம் போகிறது, கிட்டார் எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கோவை கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்ததால் இந்தக் கிறுக்கு வந்திருக்கலாம்.

முதலில் பிளாக் சபாத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' (1971). இதை அந்தக் குழுவின் கிட்டார்காரர் டோனி ஐயோமியின் வலது கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வெல்டர். வயது 17. இசைக்குழுவோடு வெளிநாடு போவதற்காக வேலையை விடுகிறார். அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகப் போவதில்லை என்றார். வேலையை முறையாக முடித்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்பிவைத்தார். தகடு வெட்டும் பிரஸ்ஸில் வழக்கமாக இருப்பவர் அன்று வரவில்லை, இவரை நிறுத்தினார்கள். நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவை.

பவர் பிரஸ் ஓடும் பகுதிகளில் வளர்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட கை புதிதல்ல. அந்த ஆள் பிறகு வாட்ச்மேனாகவோ ஸ்டோரில் கணக்கு எழுதுபவராகவோ மாறிவிடுவார். ஐயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். சால்டரிங் கம்பியால் சுட்டு வடிவம் கொண்டுவந்தார். தந்தி வழுக்காமல் இருக்கப் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். கிட்டார் தந்திகள் கனமாக இருந்ததால் மெல்லிய பான்ஜோ தந்திகளைப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது ஆல்பமான இதில் தந்திகளின் முறுக்கையே தளர்த்திவிட்டார். கிட்டாரின் கனத்த தந்தி நம் சுருதிக் கணக்கில் மூன்று கட்டை. சில பாடல்களுக்கு அதை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். கீசர் பட்லரும் தன் பேஸ் கிட்டாரைக் கூடவே இறக்கினார். விரல் நோகக் கூடாது என்பதற்காகச் செய்த காரியம். 'இன்டு தி வாய்ட்' தொடங்கும்போது தரையே கனத்துப்போவது அதனால்தான். டூம், ஸ்டோனர் என்றெல்லாம் தங்கள் மெட்டல் வகைக்குப் பெயர் வைத்துக்கொண்டு கிட்டாரை இறக்கி வாசிக்கும் இன்றைய குழுக்கள் அத்தனைக்கும் மூலதனம் அந்த பாட்டில் துண்டு.

முதல் பாட்டு ஐயோமியின் இருமலோடு ஆரம்பிக்கிறது. பாட்டு கஞ்சாவைப் பற்றியது. இருமலுக்கும் அதுவே காரணம். அதே ஆல்பத்தில் 'ஸாலிட்யூட்' என்ற மெல்லிய பாட்டில் ஐயோமி புல்லாங்குழல் வாசிக்கிறார், ஆஸி ஆஸ்போர்ன் அவர்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அடக்கிப் பாடுகிறார். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் குழுவின் பழைய நால்வரும் கடைசியாக ஒன்றுசேர்ந்தார்கள். ஆஸி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார்; ஜூலை 22 அன்று இறந்துவிட்டார். அந்தக் காணொளியில் கேமரா எப்போதெல்லாம் ஐயோமியின் விரல்களுக்குப் போகிறது என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூடாஸ் பிரீஸ்ட்டும் அந்த வட்டாரத்து ஆட்கள்தான். 'பிரிட்டிஷ் ஸ்டீல்' (1980) என்பது அங்கிருந்த அரசு எஃகு நிறுவனத்தின் பெயர். கிட்டார் வாசிக்கும் கிளென் டிப்டன் அங்கே வேலை பார்த்தவர். 1980இன் தொடக்கத்தில் பதிவு நடந்தபோது அந்த நிறுவனத்தின் தொழிலாளர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். வேலை இல்லாமல் திரியும் ஓர் இளைஞன் பேசுவதாக வரும் 'பிரேக்கிங் தி லா' பாட்டை அந்தச் சூழலோடு சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். நடுவில் கண்ணாடி நொறுங்கும் சத்தம் நிஜமான பால் பாட்டில்களுடையது. பதிந்த சத்தத்தை வேண்டியபோது ஒலிக்கவிடும் சாம்ப்ளர் கருவி வசதி இல்லாத காலம். பதிவு நடந்தது பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாருக்குச் சொந்தமான பங்களாவில். 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இயந்திர மனிதர்கள் நடந்துவரும் சத்தத்துக்கு, அந்த வீட்டிலிருந்து கத்தியும் கரண்டியும் நிறைந்த தட்டைத் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டைச் சிரிக்காமல் கேட்க முடியவில்லை. ஆனாலும் சத்தம் மிரட்டத்தான் செய்கிறது. 'யுனைடெட்' மட்டும் எனக்கு ஒட்டவில்லை. கூட்டம் சேர்ந்து கத்துவதற்கென்றே எழுதிய பாட்டு, தாண்டிவிடுவேன்.

மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) பற்றி எழுதாதவர் இல்லை. ஆகவே ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தந்தியை மேலும் கீழுமாக மீட்டினால் பாதி உழைப்பு மிச்சம். தலைப்புப் பாட்டின் அந்த வேகத்திலும் அவர் கீழ்நோக்கியே அடிக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் கை சும்மா மேலே திரும்பி வந்தாக வேண்டும். நண்பனின் கிட்டாரில் இதை முயன்று பார்த்தேன். குரல் நுழைவதற்குள் என் முன்கை இறுகிவிட்டது. இவ்வளவு சிரமப்பட்டு என்ன லாபம் என்றால், மேலும் கீழுமாக அடிக்கும்போது ஒரு அடி அழுத்தமாகவும் அடுத்தது சற்று மெலிந்தும் விழும். கீழே மட்டும் அடித்தால் எல்லா அடிக்கும் ஒரே எடை. அந்தப் பாட்டின் முரட்டுத்தனம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

அதே ஆல்பத்தில் 'ஒரையன்', வார்த்தையே இல்லாத எட்டு நிமிடம். அது கிளிஃப் பர்ட்டனின் பேஸ் கிட்டாருக்கு உரியது. அந்த ஆண்டே செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து இறந்தார், 24 வயதில். இறுதி நிகழ்ச்சியில் இதைத்தான் ஒலிக்கவிட்டார்கள். அடுத்த ஆல்பமான 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) பலருக்கு உயிர். அதில் பேஸ் வாசிக்கப் புது ஆள் வந்திருந்தும், கலவையில் அவர் ஒலியைக் காது தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒருவருடைய கையையே மறைத்துவிட்ட ஆல்பத்தை என்னால் பட்டியலில் ஏற்ற முடியாது, பாடல்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

கையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு பிங்க் ஃபிளாய்டா என்று கேட்காதீர்கள். 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' (1973) கத்தரிக்கோல் வேலை. 'மணி' பாட்டின் தொடக்கத்தில் வரும் கல்லாப்பெட்டிச் சத்தம், காசு விழுவது, காகிதம் கிழிவது எல்லாவற்றையும் டேப்பில் பதிந்து, அளந்து ஒரே நீளத்துக்கு வெட்டி ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டார்கள். ரோஜர் வாட்டர்ஸ் காசு எறிந்து பதிந்தது, அவருடைய மனைவி களிமண் கலக்க வைத்திருந்த பாத்திரத்தில். ஏழு துண்டு, ஏழு தட்டு. மேற்கத்திய ரசிகர்கள் இந்த ஏழு தட்டை ஓர் அதிசயமாகப் பேசுவார்கள். மிஸ்ர சாப்பு பழகிய காதுக்கு அது சொந்தக்காரர் வீடு. சாக்ஸபோன் ஏழிலேயே போகும். டேவிட் கில்மோரின் கிட்டார் வந்ததும் தாளம் நான்குக்கு மாறும். எனக்கு சாக்ஸபோன் பகுதிதான் பிடிக்கும்.

ஐந்தாவது, ஒபெத்தின் 'பிளாக்வாட்டர் பார்க்' (2001). இங்கே என் கை விதி செல்லாது. மிகேல் ஒகர்ஃபெல்ட் அடித்தொண்டையில் உறுமிவிட்டு, அடுத்த வரியைத் தாலாட்டும் குரலில் பாடுவார்; அது ஒன்றுக்காகவே கேட்பேன்.

மெட்டலே கேட்டதில்லை என்றால் 'ஒரையன்' வைத்துத் தொடங்குங்கள். உறுமல் கிடையாது, பயப்பட ஒன்றுமில்லை. போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். பர்ட்டன் அதில் சுத்தமாகக் காணாமல் போய்விடுவார்.