கணினி கேள்வி - பதில்: எந்த மூட்டையில் கட்டுவது?

டெஸ்க்டாப்பில் 15 வருடத்துப் படங்கள், வீடியோக்கள், கட்டுரைகள் நிரம்பி வழிகின்றன. சுருக்கி வைத்தால் பாதி இடம் மிஞ்சும் என்கிறான் தம்பி. வின்ஜிப், வின்ரார், 7-ஜிப், பீஜிப்: இவற்றில் எதைப் போடலாம்?

தம்பியை முதலில் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். நூறு படங்கள் இருக்கும் ஃபோல்டர் ஒன்றை ஜிப் ஆக்கி, அளவைப் பார்க்கட்டும். ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் பிறக்கும்போதே சுருக்கப்பட்டவை. பிழிந்து உதறிய துணியை மறுபடி முறுக்கினால் எத்தனை சொட்டு வரும்? வேர்டின் டாக்எக்ஸ் ஃபைலும் அப்படித்தான், உள்ளுக்குள் அது ஒரு ஜிப். சந்தேகம் இருந்தால் ஒரு பிரதி எடுத்து, பெயரின் கடைசியில் டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். வெறும் டெக்ஸ்ட் ஃபைல்கள், அழுத்தப்படாத பிஎம்பி படங்கள் போன்றவைதான் நன்றாகச் சுருங்கும். உங்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை அவையாக இருக்காது. வீடியோக்களுக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க்தான் வழி.

பிறகு எதற்கு இந்த மென்பொருள்? ஐயாயிரம் சில்லறை ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டி வேறு டிஸ்க்குக்கு நகர்த்த. கூடவே ஒரு லாபம்: மூட்டைக்குள் ஒவ்வொரு ஃபைலுக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் இருப்பதால், எது கெட்டுப்போனது என்று பின்னாளில் தெரிந்துவிடும்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஜிப்பைவிடக் கொஞ்சம் இறுக்கமாகச் சுருக்குகிறதே என்று ஆசைப்பட்டு, என் பழைய கட்டுரைகளை ஒரு இலவச மென்பொருளின் சொந்த வடிவத்தில் கட்டி வைத்தேன். மிச்சமானது ஒன்றரை எம்பி. ஆறு வருடம் கழித்து வாங்கிய புதுக் கம்ப்யூட்டரில் அந்த மென்பொருள் ஓடவில்லை. அதை எழுதியவரும் எப்போதோ கைவிட்டிருந்தார். பழைய இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கி, அதில் பழைய விண்டோஸைப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவிழ்த்தேன். அன்றிலிருந்து மென்பொருளைப் பார்ப்பதற்கு முன் வடிவத்தைத்தான் பார்க்கிறேன்.

ஜிப், 1989-ல் ஃபில் காட்ஸ் கொண்டுவந்தது. அதன் அமைப்பு வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாம் தாமாகவே திறக்கின்றன. வின்ராரின் ரார் வடிவத்தை யாரும் அவிழ்க்கலாம், ஆனால் கட்டும் உரிமை அதன் உரிமையாளரிடமே இருக்கிறது. அதற்கு ஈடாக ஒரு நல்ல வசதி உண்டு: ‘ரெக்கவரி ரெக்கார்டு’ சேர்த்துக் கட்டினால், டிஸ்க்கில் சிறு பழுது வந்தாலும் ஒட்டுப்போட்டு மீட்கலாம். 7இஸட், இகோர் பாவ்லோவ் 1999-ல் தொடங்கிய 7-ஜிப்பின் வடிவம். திறந்த மூலம் (நிரலை யாரும் பார்க்கலாம்), ஜிப்பைவிட இறுக்கம். ஆனால் வழக்கமாக அது ஃபைல்களை ஒரே தொடராகச் சேர்த்து அழுத்துவதால், நடுவில் ஓர் இடம் பழுதானால் அதற்குப் பின்னால் இருப்பவையும் மாட்டிக்கொள்ளும்.

என் சிபாரிசு: 7-ஜிப்பை நிறுவுங்கள், வருடக்கணக்கில் வைக்கப்போவதை அதிலேயே ஜிப் வடிவில் கட்டுங்கள். 7-ஜிப்பின் முகம் பிடிக்காவிட்டால் பீஜிப். அதுவும் இலவசம், பார்க்க லட்சணமாக இருக்கும். கட்டியதும் ‘டெஸ்ட்’ கொடுத்துப் பாருங்கள். பிழை இல்லை என்று வந்த பிறகு, இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி போட்டுவிட்டு மூலத்தில் கை வையுங்கள்.

பழைய வெர்ஷன் நன்றாகத்தானே ஓடுகிறது? ஏன் அப்டேட் செய்ய வேண்டும்?

2019-ல் செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வின்ராரில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஏஸ் என்ற பழைய வடிவத்தை அவிழ்க்க வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த ஒரு டிஎல்எல் (துணை நிரல் ஃபைல்), 2005-க்குப் பிறகு தொடப்படவே இல்லை. திருத்தலாம் என்றால் அதன் மூலநிரல் வின்ரார்காரர்கள் கையில் இல்லை. கடைசியில் 5.70 வெர்ஷனில் ஏஸ் ஆதரவையே வெட்டிவிட்டார்கள். பழைய வெர்ஷனோடு இருப்பவர்களிடம் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. வின்ராரும் 7-ஜிப்பும் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளாதவை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதனதன் சொந்தத் தளத்துக்கே போய்ப் பாருங்கள். ஒத்த பெயரில் வேறு தளங்கள் காத்திருக்கும்.

ஜிப்புக்கு பாஸ்வேர்டு போட்டால் பத்திரம்தானே?

எந்தப் பூட்டு என்பதைப் பொறுத்தது. ‘ஜிப்கிரிப்டோ’ என்ற பழைய முறை பெயருக்குத்தான் பூட்டு. 7-ஜிப்பில் ஏஇஎஸ்-256 என்ற வலுவான பூட்டைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் ஜிப்பில் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். ‘விவாகரத்து மனு இறுதி வடிவம்’ என்று பெயர் வைத்துவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் பூட்டி என்ன பிரயோஜனம்? பெயரையும் மறைக்க வேண்டுமானால் 7இஸட் வடிவில் கட்டி, ஃபைல் பெயர்களையும் பூட்டும் கட்டத்தில் டிக் போடுங்கள். பாஸ்வேர்டு மறந்தால் எனக்கு எழுதாதீர்கள், என்னாலும் முடியாது.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் அவிழ்த்ததும் கேள்விக்குறிகளாக வருகின்றனவே?

யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடு) தெரியாத பழைய மென்பொருளில் கட்டியிருப்பீர்கள். உள்ளடக்கத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கேள்விக்குறியாகவே பதிவான பெயர் திரும்ப வராது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயரிட வேண்டியதுதான். இனி 7-ஜிப்பில் கட்டுங்கள்.

ஃபைல்களை ஒழுங்காக வைக்க ஒரு மென்பொருள் சொல்லுங்களேன்?

தேடுவதற்கு ‘எவ்ரிதிங்’. டிஸ்க்கின் பெயர்ப் பட்டியலையே நேராகப் படிப்பதால், நீங்கள் தட்டி முடிப்பதற்குள் விடை வந்து நிற்கும். இடம் மாற்றி அடுக்குவதற்கு இரண்டு பலகை பக்கத்தில் பக்கத்தில் தெரியும் ‘டபுள் கமாண்டர்’. 1986-ல் வந்த நார்ட்டன் கமாண்டரின் வழித்தோன்றல்; இன்னும் அந்த ஏற்பாட்டை வெல்ல ஒன்று வரவில்லை என்பது என் பிடிவாதம். பெயரிடுவதை மட்டும் எந்த மென்பொருளிடமும் விடாதீர்கள். வருடம்-மாதம்-நாள் என்று 2019-04-12 போல ஆரம்பித்தால், ஃபைல்கள் தாமாகவே வரிசையில் நிற்கும்.

வின்ரார் 40 நாள் சோதனைக் காலம் முடிந்தும் வேலை செய்கிறதே. காசு கொடுக்காமல் உபயோகித்தால் தப்பா?

உரிம நிபந்தனைப்படி தப்புதான்: 40 நாளுக்குப் பிறகு வாங்க வேண்டும், இல்லையென்றால் நீக்க வேண்டும். பூட்டாமல் விட்டிருப்பது அவர்களின் தாராளம். யாரோ அனுப்பும் ரார் ஃபைலை அவிழ்க்க மட்டும் என்றால் 7-ஜிப்பே அதைச் செய்துவிடும். விண்டோஸ் 11-கூட 2023 அப்டேட்டிலிருந்து தானே திறக்கிறது.