நெல்லைச் சீமையில் பார்க்க வேண்டிய பழைய பஞ்சாலைக் கட்டடம் எது? அதன் வரலாறும் கட்டட அமைப்பும் என்ன?

என்னைக் கேட்டால் விக்கிரமசிங்கபுரம் மில்தான். அம்பாசமுத்திரம் வட்டாரத்துக்காரன் என்ற பாசம் எனக்கு உண்டு. அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும், அந்த ஆலை நிற்கும் இடம் யாரையும் யோசிக்க வைக்கும். பருத்தி விளைந்தது கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில். கப்பல் வந்து நின்றது தூத்துக்குடியில். ஆலையை மட்டும் அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மேற்கே, பொதிகை மலையடிவாரத்தில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள்.

காரணம் தாமிரபரணி. அந்தக் காலத்து ஆலைகள் பெரும்பாலும் நீராவியில் ஓடின. நீராவிக்கு நிலக்கரி வேண்டும். நம் பக்கம் சுரங்கம் ஏது? வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் பாபநாசத்தில் மலையிலிருந்து இறங்கும் ஆற்றைப் பார்த்தார்கள். 1883இல் திருநெல்வேலி மில்ஸ் கம்பெனி உருவானது. 1885இல் ஆலை ஓடத் தொடங்கியது, தண்ணீரின் வேகத்தில். பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது 1944இல். அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முன்பே அந்த ஆற்றின் வலு நூலாகிவிட்டது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். திருநெல்வேலிக்கு 1876இலேயே ரயில் வந்துவிட்டாலும், அம்பாசமுத்திரம் பக்கம் அது எட்டிப் பார்த்தது 1900களின் தொடக்கத்தில்தான். அதுவரை பஞ்சுப் பொதி வந்ததும் நூல் போனதும் சாலை வழியாகத்தான்.

இனி கட்டட அமைப்பு. இந்த மில் என்றில்லை, மின்மோட்டார் வருவதற்கு முந்தைய ஆலை எதுவானாலும் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். அன்று இயந்திரத்துக்கு இயந்திரம் தனி மோட்டார் கிடையாது. ஓர் இடத்தில் பிறக்கும் சுழற்சியை, கூரையை ஒட்டி ஓடும் நீண்ட இரும்புத் தண்டுகள் கொட்டகை முழுவதும் கொண்டுபோகும். அதிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் சுற்ற வைக்கும். கட்டடம் நீளமாக இருப்பதும், தூண்கள் வரிசை பிசகாமல் நிற்பதும் இதனால்தான். அந்த வார்ப்பிரும்புத் தூண்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உருண்டையாக ஏறும் தூணின் மேல்பக்கத்தில் ஓரிடம் மட்டும் தட்டையாக, போல்ட் துளைகளோடு இருக்கும். தண்டைத் தாங்கும் பிராக்கெட்டைப் பிணைத்த இடம் அது. கூரையைத் தாங்குவது அந்தத் தூணின் வேலையில் பாதிதான்.

அடுத்தது வெளிச்சம். ரம்பப் பல் போல ஏறி இறங்கும் கூரையைப் பல ஆலைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பல்லின் செங்குத்தான பக்கத்தில் கண்ணாடி பதித்து, அதை வடக்கு நோக்கி வைப்பார்கள். இங்கிலாந்தில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும்; வடக்குக் கண்ணாடியில் நேர் வெயில் படாது, சீரான வெளிச்சம் மட்டும் இறங்கும். நம் ஊர் இருப்பதோ ஏறத்தாழ 8.7 பாகை அட்சரேகையில். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அங்கே வெயிலைத் தடுத்த அதே கூரை, இங்கே நல்ல கோடையில் வெயிலை உள்ளே விடும். இங்கிலாந்து வரைபடத்தை அப்படியே எடுத்துவந்து இங்கே கட்டக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஜன்னலைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கலாமே என்றால், நூற்புக் கூடத்தில் அதற்கும் வழியில்லை. காற்று உலர்ந்தால் இழை அறும்.

கட்டடத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனாலும் அதற்குள் நின்றவர்களைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இதே ஹார்வி நிறுவனத்தின் தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சியும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12இல் தலைவர்கள் கைதானார்கள், மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது.

விக்கிரமசிங்கபுரம் ஆலை பிறகு மதுரா மில்ஸ், மதுரா கோட்ஸ் என்று பெயர் மாறியது. இயங்கும் ஆலை என்பதால் நினைத்தவுடன் உள்ளே போக முடியாது. முன்கூட்டியே அனுமதி கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் பஸ்ஸில் ஏறிப் போங்கள். முதலில் மேலே அகத்தியர் அருவி, கல்யாண தீர்த்தம் வரை போய் ஆறு எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கீழே வந்து ஆலை இருக்கும் இடத்தைப் பார்த்தால், ஹார்வி சகோதரர்கள் போட்ட கணக்கு உங்களுக்கே பிடிபட்டுவிடும்.