நுகர்வோர் சட்டம்: வடஆற்காட்டுப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

பொருள் வாங்கி ஏமாந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் எல்லாப் பக்கத்திலிருந்தும் கேள்விகள் வருகின்றன. இந்த முறை வந்தவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காட்பாடி: சார், ஆன்லைனில் வாங்கிய வாஷிங் மெஷின் மூன்றாம் மாதமே நின்றுவிட்டது. கம்பெனி இருப்பது வடக்கே. வழக்குப் போட அங்கே அலையணுமா?

வேண்டாம். பழைய 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் ஊரிலோ, பிரச்சினை எழுந்த இடத்திலோதான் போட முடிந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ போடலாம். புதிய சட்டத்தில் சாதாரண மனிதருக்குக் கிடைத்த பெரிய பலம் இதுதான் என்பேன். பழைய காலத்தில் என் அக்கா, சென்னையில் வாங்கிய ஒரு கிரைண்டருக்காக நாலு முறை பஸ் ஏறினார். வேலையை விட்டுவிட்டு இன்னும் எத்தனை நாள் போவது என்று அதோடு கைவிட்டார். அந்த வருத்தத்தில்தான் நான் இந்தச் சட்டத்தையே படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால், நுகர்வோர் வழக்குகளை விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 'இ-ஜாக்ரிதி' இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

ஆற்காடு: தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குகிறார்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். எடை, அளவு, பாக்கெட் விலை எல்லாம் நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை கையில் இருக்கிறது. புகார் அங்கே.

குடியாத்தம்: அண்ணா, தையல் கடை வைத்திருக்கிறேன். தொழிலுக்கு வாங்கிய மெஷின், அதனால் நீ நுகர்வோரே இல்லை என்கிறார் விற்றவர்.

அவர் சொல்வது பாதிதான் சரி. வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை. ஆனால் தன் கையால் உழைத்துப் பிழைக்க வாங்கியவர் நுகர்வோர்தான். இந்த விளக்கம் 1993 திருத்தத்திலேயே வந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது. உதவிக்கு ஓரிருவர் வைத்திருந்தாலும் இந்த உரிமை போய்விடாது என்று 1995-இல் லட்சுமி எஞ்சினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'இந்த மெஷினை நானே ஓட்டிக் குடும்பம் நடத்துகிறேன்' என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்மா.

வாலாஜா: தீபாவளிச் சீட்டில் எங்கள் தெருவே ஏமாந்துவிட்டது.

இதற்கு முதலில் போலீஸ்தான். பொருளாதாரக் குற்றப்பிரிவில் எல்லோரும் எழுத்தில் புகார் கொடுங்கள். 1997-இல் வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நடத்தியவரின் சொத்தை முடக்க வழி உண்டு. சீட்டு அட்டை அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

பேரணாம்பட்டு: ஐயா, நுகர்வோர் வழக்கில் ஜெயித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பணம் வரவில்லை. என்ன சட்டம் இது?

உங்கள் கோபம் நியாயம். உத்தரவை நிறைவேற்றித் தரக் கேட்கும் 'நிறைவேற்று மனு' போடுங்கள். 2019 சட்டத்தின் 71-ஆம் பிரிவின்படி ஆணையத்தின் உத்தரவு சிவில் நீதிமன்றத் தீர்ப்பு போலவே செல்லும். 72-ஆம் பிரிவின்படி, உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மேல்முறையீடு செய்திருக்கிறோம் என்று சொன்னால், பாதித் தொகையைக் கட்டினார்களா என்று கேளுங்கள். கட்டாமல் மேல்முறையீட்டை ஏற்க மாட்டார்கள்.

ஜெயித்தவர் மறுபடியும் மனு போட வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். குறித்த நாளுக்குள் பணம் வராவிட்டால் ஆணையமே தானாக வசூலில் இறங்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்த வேண்டும்.

வேலூர், கல்லூரி மாணவர்: சார், சட்டத்தில் வேறு எதை மாற்றணும்? எங்கள் நுகர்வோர் மன்றம் என்ன செய்யலாம்?

சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதம். எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் பதில் தராவிட்டால் அவர்கள் வாய்ப்பு போனது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அவர்களுக்குக் கெடு உண்டு. ஆனால் ஆணையத்தில் உறுப்பினர் பதவி காலியானால் நம் வழக்கு காத்திருக்க வேண்டியதுதான். நுகர்வோர் வழக்குகளை விசாரிக்க நிரந்தர அமைப்பு ஒன்றை யோசிக்கும்படி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. அது நடந்தே ஆக வேண்டும்.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. பொதுவாக எல்லோரையும் பாதிக்கும் ஏமாற்று விளம்பரம், முறைகேடான வியாபாரம் பற்றி விசாரித்து டெல்லியில் உள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரம் 16-ஆம் பிரிவில் கலெக்டருக்கே இருக்கிறது. சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாளில் பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் நிற்கும் வரிசையில் இதற்கும் ஒருவர் நிற்கலாம்.

கலெக்டர் தலைமையில் மாவட்ட நுகர்வோர் பாதுகாப்புக் கவுன்சில் என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு இரண்டு கூட்டமாவது நடத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் அது ஆலோசனை சொல்ல மட்டும்தான் முடியும். அங்கே எழுப்பும் புகாருக்கு அதிகாரி எழுத்தில் பதில் தர வேண்டும், கூட்டக் குறிப்பை மக்கள் பார்க்க வைக்க வேண்டும். இந்த இரண்டையும் சட்டத்தில் சேர்த்தாலே நம்மைப் போன்றவர்கள் கை ஓங்கும்.

உங்கள் மன்றம் இதிலிருந்தே தொடங்கலாம் தம்பி. தகவல் உரிமைச் சட்டப்படி கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். கவுன்சில் கடைசி இரண்டு வருடத்தில் எத்தனை முறை கூடியது, யார் யார் வந்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் சொல்லுங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.