பலனொப்சிஸ் இலை துவள்வது தண்ணீர் போதாமல் மட்டுமல்ல

தங்கச்சி, கண்டியில் வாங்கி வந்த பலனொப்சிஸ் ஓர்கிட் பூச்செடி மட்டக்களப்புக் கல்லடி வீட்டில் இலை துவண்டு நிற்கிறது, தினமும் தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை என்கிறீர்கள். அந்தத் தண்ணீர்தான் வினை. சட்டியிலிருந்து கழற்றி வேரை அமத்திப் பாருங்கள். கபில நிறத்தில் கொழகொழவென்று தோல் உரிந்து வந்தால் அழுகல். நெருப்பில் காட்டி ஆறிய கத்தரிக்கோலால் வெட்டி, வெட்டின இடத்தில் மட்டும் கறுவாத்தூள் தடவுங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். நனைந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி. பழைய தேங்காய்த் தும்பை எறிந்துவிட்டு, கரித்துண்டும் ஓட்டுத்துண்டும் போட்டு நடுங்கள். அப்புறம், வேர் வெள்ளியானால் மட்டும் காலையில் தண்ணீர். குருத்தில் தேங்கவே கூடாது. வெக்கையான கச்சான் காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். நானும் இப்படி இரண்டைக் கொன்றவன்தான். அடுத்த முறை டென்ட்ரோபியம் என்ற ஓர்கிட் வாங்குங்கள், நம்மூர் வெக்கையை அது தாங்கும்.