ரோலர் டிரம்மில் மண் அப்புகிறதா? டீசலை எடுக்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் கண்மாய்க் கரையைப் பலப்படுத்தும் வேலையை சப்-கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறேன் சார். எல்லாம் கரிசல் மண். டிரம் முழுக்க இரும்புக் கால்கள் வைத்த 11 டன் பேட்ஃபுட் ரோலர் வாடகைக்கு ஓடுகிறது. நாலைந்து தடவை போய் வருவதற்குள் கால்களுக்கு நடுவே மண் அடைத்து, டிரம் மொழுமொழுவென்று ஆகிவிடுகிறது. ஹெல்பர் கடப்பாரையால் குத்திக்கொண்டே கூட நடக்கிறார். லேப் ரிப்போர்ட்டில் ஓஎம்சி, அதாவது மண் நன்றாக இறுகுவதற்கு ஏற்ற ஈரம், 22 சதவீதம். சைட்டில் ஈரம் பார்க்கும் கார்பைடு மீட்டரில் 22 காட்டும்வரை டேங்கர் தண்ணீர் அடிக்கிறோம். டிரம்மில் டீசல் ஊற்றலாம் என்கிறார் ஆபரேட்டர். டிரம்மில் ஒட்டும் மண்ணைச் சுரண்டும் ஸ்க்ரேப்பரை மாற்றுவதா, கால்கள் இல்லாத பிளெயின் டிரம்முக்குப் போய்விடுவதா?

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த ஹெல்பரை டிரம் பக்கத்திலிருந்து விலக்குங்கள், இன்றைக்கே. உருளும் டிரம்மில் கடப்பாரை சிக்கினால் அது ஆளையும் சேர்த்து இழுக்கும், அல்லது எகிறி முகத்தில் அடிக்கும். ஆபரேட்டர் சீட்டிலிருந்து பார்த்தால் டிரம்முக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பவர் தெரியவே மாட்டார். மண்ணைக் குத்தி எடுக்க வேண்டுமென்றால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை ஆபரேட்டர் கையில் எடுத்துக்கொண்டு, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, வண்டி நடுவில் மடங்கும் இடத்தில் இருக்கும் லாக் கம்பியையும் மாட்டிய பிறகுதான் கடப்பாரையைத் தொட வேண்டும். இதற்கு நேரம் ஆகும்தான். அந்த நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் மண் ஒட்டாமலே பார்த்துக்கொள்வதுதான் வழி.

உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. லேப் சொல்லும் 22 வேறு, மீட்டர் காட்டும் 22 வேறு. லேபில் ஓஎம்சியைக் காய்ந்த மண்ணின் எடைக்குக் கணக்கிடுகிறார்கள்: 100 கிலோ காய்ந்த மண்ணுக்கு 22 கிலோ தண்ணீர். கார்பைடு மீட்டரின் முள் ஈர மண்ணின் மொத்த எடைக்குக் காட்டுகிறது: 100 கிலோ ஈர மண்ணில் 22 கிலோ தண்ணீர், அப்படியென்றால் காய்ந்த மண் 78 கிலோதான். 22-ஐ 78-ஆல் வகுத்துப் பாருங்கள், 28 சதவீதம் வரும். தேவைக்கு மேல் 6 சதவீதத் தண்ணீரை நீங்களே காசு கொடுத்து அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கரிசல் மண்ணில் 6 சதவீதம் கூடினால் எந்த ஸ்க்ரேப்பரும் அதைச் சமாளிக்காது.

லேபின் 22-க்கு மீட்டரில் வர வேண்டியது 18. மீட்டர் அளவை 100-லிருந்து கழித்து, அந்த மீதியால் மீட்டர் அளவை வகுத்து, நூறால் பெருக்கினால் லேப் கணக்கு வந்துவிடும். இதை ஒரு அட்டையில் எழுதி மீட்டர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். இன்னொன்று, களிமண்ணை மீட்டருக்குள் போடும்போது கட்டியாகப் போடக்கூடாது. கூட வரும் இரும்புக் குண்டுகளைப் போட்டுக் குலுக்கினால்தான் கட்டி உடைந்து கார்பைடு முழுக்கக் கலக்கும். கட்டி உடையாமல் விட்டால் முள் குறைவாகக் காட்டும், நீங்கள் இன்னும் தண்ணீர் அடிப்பீர்கள். திறக்கும்போது வெளியே வருவது அசிட்டிலின் வாயு. பீடி, சிகரெட் பக்கத்தில் இல்லாமல் வெட்டவெளியில் திறக்கச் சொல்லுங்கள்.

மீட்டர் கையில் இல்லாத நேரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. கொட்டிய மண்ணில் அரை அடி தோண்டி ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் திரியாக உருட்டுங்கள். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும்போது திரி வெடித்து உதிர்ந்தால் மண் வேலைக்கு ஏற்ற ஈரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைவிட மெல்லியதாக, நூல் மாதிரி நீண்டுகொண்டே போய், உள்ளங்கையிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டால் அதே மண் டிரம்மிலும் ஒட்டும். உருட்டவே வராமல் பொடிந்தால் காய்ச்சல் அதிகம்.

ஒட்டுகிறதே என்று ஒரேயடியாகக் காயவிட்டு ஓட்டலாமா? கரிசலில் அது கூடாது. காய்ந்த நிலையில் இறுக்கிய கரிசல், கண்மாயில் தண்ணீர் ஏறியதும் அதைக் குடித்து உப்பும், கோடையில் வெடிக்கும். சாலைப் பணிகளுக்கான மத்திய அரசின் விவரக்குறிப்பில் சாதாரண மண்ணுக்கு ஓஎம்சியைவிட 1 சதவீதம் கூடுதல் முதல் 2 சதவீதம் குறைவு வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். விரியும் களிமண்ணை மட்டும் ஓஎம்சிக்கு ஈரப் பக்கத்தில் வைத்துத்தான் இறுக்கச் சொல்கிறார்கள். உங்கள் டெண்டரில் கரைக்கென்று தனி அளவு இருந்தால் அதுதான் கணக்கு. இல்லையென்றால் மீட்டரில் 18 முதல் 19 வரை வைத்துக்கொள்ளச் சைட் இன்ஜினியரிடம் பேசுங்கள். லேப் கணக்கில் அது 22 முதல் 23½ வரை. அந்த ஈரத்திலும் கரிசல் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துக்கொள்வதுதான் ஸ்க்ரேப்பரின் வேலை.

மண் அடைத்த டிரம்மை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் அசிங்கமாக இருப்பதோ வாடகை நேரம் போவதோ மட்டும் இல்லை. பேட்ஃபுட் ரோலர் மண்ணைக் கீழிருந்து மேலாக இறுக்குகிறது. முதல் தடவை கால்கள் ஆழமாக இறங்கும். மண் இறுக இறுகக் கால்கள் இறங்குவது குறைந்து, டிரம் மேலே ஏறிக்கொண்டே வரும். கால் தடம் ஆழம் குறைந்ததைப் பார்த்துத்தான் ஆபரேட்டர் "லேயர் முடிந்தது" என்கிறார். கால்களுக்கு நடுவே மண் அடைத்துவிட்டால் கால் இறங்குவதற்கு வழியே இல்லை. மண் இறுகாமலே டிரம் மேலே நிற்கும், தடம் ஆழமில்லாமல் தெரியும், பார்ப்பவர்கள் அடுத்த லேயருக்கு டிப்பரை வரச் சொல்லிவிடுவார்கள். மேல்புறம் வழவழவென்று இருக்கும், அடியில் லேயர் தளர்வாகக் கிடக்கும். சாலையென்றால் பள்ளம் விழும். கண்மாய்க் கரையில் இதைவிட மோசம்: வழவழப்பான ஒரு லேயரின் மேல் அடுத்த லேயர் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் கசிவதற்கு நீங்களே வழி போட்டுக் கொடுத்ததாகிவிடும். ஓஎம்சி என்ற கணக்கே மண் அணை கட்டும் வேலையிலிருந்து வந்ததுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் குடிநீர்த் துறைக்காக மண் அணை வேலை பார்த்த ப்ராக்டர் என்ற பொறியாளர் 1933-ல் எழுதியது அது. கரை வேலை செய்பவருக்குச் சாலைக்காரரைவிட அதில் அக்கறை கூடுதலாகவே இருக்க வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு என்பது போலவே எப்போது, எங்கே அடிக்கிறோம் என்பதும் முக்கியம். பரப்பிய மண்ணின் மேல் டேங்கர் அடித்துவிட்டு, பின்னாலேயே ரோலரை ஏற்றுவது நிறைய சைட்டில் நடக்கிறது. கரிசல் தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. மேலே ஒரு விரல் கனத்துக்குச் சேறு, உள்ளே காய்ந்த கட்டி. டிரம் தொடுவது அந்தச் சேற்றைத்தான். மண் எடுக்கும் இடத்திலேயே முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு ஊறப்போடுங்கள். மறுநாள் பொக்லைன் வெட்டிக் கலக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். கரையில் பரப்பிய பிறகு குறைகிற அளவுக்கு மட்டும் அடித்து, டிராக்டரில் கல்டிவேட்டரோ ரோட்டவேட்டரோ போட்டுப் புரட்டி, மேலும் கீழும் ஒரே நிறம் ஆனதும் ரோலரை விடுங்கள். கட்டிகள் 75 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. ஈரம் ஏற்கெனவே கூடிவிட்ட மண்ணுக்கும் இதே கல்டிவேட்டர்தான் மருந்து. வெயில் நேரத்தில் புரட்டிப் புரட்டிக் காயவிடுங்கள். சுண்ணாம்பு கலந்தால் கரிசலின் பிசுபிசுப்பு வேகமாகக் குறையும், அதற்கு ஐஆர்சி 51 என்ற வழிகாட்டியும் இருக்கிறது. ஆனால் அது சாலை வேலைக்கானது. இன்ஜினியர் எழுத்தில் அனுமதி தராமல் கண்மாய்க் கரையில் ஒரு மூட்டைகூடக் கொட்டாதீர்கள்.

இனி ஸ்க்ரேப்பர். பேட்ஃபுட் டிரம்முக்குச் சீப்புப் பல் போல இரும்புப் பற்கள் வரும். ஒவ்வொரு பல்லும் இரண்டு கால் வரிசைக்கு நடுவில் நிற்க வேண்டும். டிரம் முன்னும் பின்னும் உருள்வதால் இரண்டு பக்கமும் ஸ்க்ரேப்பர் தேவை. வாடகை வண்டிகளில் ஒரு பக்கம் கழன்றோ வளைந்தோ இருப்பது சாதாரணம். உங்கள் வண்டி பிளெயின் டிரம்மின் மேல் கால் வைத்த ஷெல்லைப் போல்ட் போட்டு மாட்டியதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் ஷெல்லோடு அதற்குரிய பல் ஸ்க்ரேப்பரும் வந்திருக்க வேண்டும். ஷெல்லை மட்டும் கொடுத்துவிட்டு ஸ்க்ரேப்பரை யார்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். வண்டி உரிமையாளரிடம் இதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

பல்லுக்கும் டிரம்மின் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளக்க வேண்டும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவுதான் சரியான அளவு. பெரும்பாலும் ஒரு அங்குலத்தைத் தாண்டாது. ஒரு இடத்தில் அளந்து விட்டுவிடாமல், ஆளை விலக்கி டிரம்மைக் கால் சுற்று நகர்த்தி, நிறுத்தி, மறுபடி அளங்கள். ஷெல் போட்ட டிரம்மில் வட்டம் கொஞ்சம் கோணலாக இருக்கும். இரும்புப் பல் தகட்டில் உரசும்படி ஒட்டி வைப்பதும் தப்பு. டிரம் ரப்பர் மவுண்ட்டில் தொங்குகிறது, வைப்ரேஷனில் ஆடும். உரசினால் பல்லும் போகும், தகடும் போகும். தேய்ந்த பல்லை வெல்டிங் வைக்க வேண்டுமென்றால் பட்டியைக் கழற்றிக் கீழே வைத்து அடியுங்கள், வண்டியோடு சேர்த்து வைத்து அடிக்காதீர்கள். கால்களையும் கவனியுங்கள். மண் கழன்று விழத்தான் அவை மேலே குறுகலாக, பக்கங்கள் சரிவாக வருகின்றன. தேய்ந்த காலுக்கு யாராவது வெல்டிங்கைக் கொழுக்கட்டையாக அப்பியிருந்தால் சரிவு போய்விடும், மண் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

ஆபரேட்டர் பக்கத்திலும் கொஞ்சம் இருக்கிறது. ஈரம் கூடிய இடத்தில் வைப்ரேஷன் போட்டால் அடியிலுள்ள தண்ணீர் மேலே வரும். டிரம்முக்கு முன்னால் மண் மெத்தை போல எழும்பி அமுங்கினால் அங்கே வைப்ரேஷனை நிறுத்திவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள்; அந்த இடத்தைப் புரட்டிக் காயவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். வேகம் மணிக்கு 4 முதல் 6 கிலோமீட்டர் போதும். ஈர மண்ணின் மேலேயே வளைத்துத் திருப்பாமல், முனையில் கொஞ்சம் கிராவல் பரப்பி அதன் மேல் போய்த் திரும்பினால் கால்களிலுள்ள மண் பாதி உதிர்ந்துவிடும்.

டீசல் வேண்டவே வேண்டாம். ஒரு ரவுண்டில் துடைத்துக்கொண்டு போய்விடும், பலன் அவ்வளவுதான். சிந்திய டீசல் நாளைக்கு ஆடு மாடு குடிக்கும் கண்மாய்க்குள் இறங்கும், வண்டியின் ரப்பர் மவுண்ட்டையும் ஹோஸையும் ஊறவைத்துக் கெடுக்கும். பழைய ஆயிலும் அப்படித்தான். டிரம்மில் தண்ணீர் தெளிப்பதும் தார் ரோட்டு ரோலருக்கு உரியது. களிமண்ணில் அதைச் செய்தால் ஒட்டுவது கூடும்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் மண் ஈரமாக இருக்கும்போதே டிரம்மைச் சுத்தம் செய்துவிட வேண்டும். ராத்திரி காய்ந்தால் கல்லாகிவிடும், காலையில் கடப்பாரை அடியில் ஸ்க்ரேப்பர் பல் வளையும். டிரம்முக்கும் பக்கவாட்டு ஃப்ரேமுக்கும் நடுவில், ரப்பர் மவுண்ட் இருக்கும் இடத்தில் இறுகும் மண்ணை மறக்காதீர்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்த இடத்தில்தான் ரப்பர் கிழிகிறது. பிரஷர் வாட்டர் அடித்தால் பேரிங் சீலுக்கும் வயர் கனெக்டருக்கும் நேராகப் பிடிக்காதீர்கள்.

பிளெயின் டிரம்முக்குப் போவதா என்று கேட்டீர்கள். கரிசலில் கரை போட அது சரிவராது. மேலே மட்டும் இறுக்கி, லேயருக்கு லேயர் வழவழப்பை விட்டுப் போகும். அதற்கு ஒரே ஒரு உபயோகம் உண்டு: மழை வரும் போலிருந்தால் சாயங்காலம் கரையின் தலைப்பை ஒரு பக்கம் சரிவாக வைத்து பிளெயின் டிரம் ஒரு தடவை ஓட்டி மூடிவிட்டால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். மறுநாள் காலையில் அந்த மேல்தோலைக் கல்டிவேட்டரால் கீறிவிட்டுத்தான் அடுத்த லேயர் மண்ணைக் கொட்ட வேண்டும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வேலையை முடிக்கப் பார்க்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத் தேவைப்படும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. டிரம் அடைத்துக்கொண்டு ஓடிய நாட்களில் போட்ட லேயர்கள் இப்போது கரைக்குள் இருக்கின்றன. அவற்றின் மேல் மண் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, இன்ஜினியரைக் கூப்பிட்டு நாலைந்து இடத்தில் குழி வெட்டி, ஒவ்வொரு லேயரிலும் கோர் கட்டர் (மண் மாதிரி எடுக்கும் இரும்பு உருளை) அடித்து அடர்த்தி பாருங்கள். குழியின் பக்கச் சுவரில் லேயர்களுக்கு நடுவே பளபளவென்று கோடு தெரிந்தாலோ, கையால் இழுத்தால் தகடாகப் பிரிந்து வந்தாலோ அதுவரை வெட்டி எடுத்து, புரட்டி, ஈரத்தைச் சரிசெய்து திரும்பப் போட வேண்டியதுதான். செலவு உங்கள் தலையில்தான் விழும், தெரிகிறது. இரண்டு மூன்று லேயரோடு இருக்கும்போது செய்தால் சில நாள் டிராக்டர் வாடகையோடு போய்விடும்.