கழுத்து வலியும் செரிமானக் கோளாறும்: ஆஸ்டியோபதி குறித்து

வணக்கம் ஐயா. பாம்பனில் நாள் முழுதும் குனிந்து வலை செப்பனிடும் தங்களுக்குக் கழுத்து வலியும், சாப்பிட்டவுடன் வயிற்று உப்புசமும் நெஞ்செரிச்சலும் சேர்ந்தே வருவதாகவும், ஆஸ்டியோபதி எனப்படும், தசைகளையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் கைமுறைச் சிகிச்சையால் இரண்டும் தீருமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

அச்சிகிச்சையாளர்கள் இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதற்கு ஓர் உடற்கூற்று அடிப்படை உண்டு: நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, கழுத்தின் 3 முதல் 5 வரையிலான தண்டுவட நரம்புகளிலிருந்தே புறப்படுகிறது. ஆயினும் கழுத்தைத் தளர்த்தினால் செரிமானம் சீராகும் என்பதற்கான சான்றுகள் சிறிய ஆய்வுகள் அளவிலேயே நிற்கின்றன. கழுத்து வலி ஓரளவு குறையலாம் என்பதே நான் நம்பிச் சொல்லக்கூடியது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, வலிக்காகத் தாங்களே கடையில் வாங்கி விழுங்குவதாக எழுதியுள்ள டைக்ளோஃபெனாக் மாத்திரை. அது இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கக்கூடியது. தங்கள் நெஞ்செரிச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆகவே முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் காட்டி, அம்மாத்திரையைப் பற்றியும் மறவாமல் சொல்லுங்கள். மலம் கறுத்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, உணவை விழுங்கச் சிரமப்பட்டாலோ, கை மரத்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கழுத்தோடு நெஞ்சும் இறுகி வியர்த்தால் அது இதயக் கோளாறாகவும் இருக்கக்கூடும். உடனே 108ஐ அழையுங்கள்.

அதன்பின் கைமுறைச் சிகிச்சைக்குச் சென்றாலும், கழுத்தைச் சட்டெனத் திருப்பிச் சொடுக்கெடுக்க யாரையும் அனுமதியாதீர்கள். மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்து பக்கவாதம் வருவது அரிதே என்றாலும், அவ்வாறு நேர்ந்ததுண்டு. வலையைத் தரையில் பரப்பாமல் மார்பளவு உயரத்தில் கட்டி வேலை செய்து பாருங்கள்.