'மேஸ்திரி' என்பவர் யார்?

கேள்வி: என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கு வந்து, ரங்கூன் அரிசி ஆலைகளில் காலம் கழித்தவர். அவர் கரண்டி பிடித்துச் சுவர் எழுப்பியதே இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆயினும் எங்கள் வீட்டுக்கு இன்றும் 'மேஸ்திரி வீடு' என்றுதான் பெயர். இது எப்படி வந்தது? மேஸ்திரி தமிழ்ச்சொல்தானா?
(வாசகர், யாங்கோன்)

பதில்: தமிழ்ச்சொல் அன்று. தலைமைத் தொழிலாளி, ஆசான் என்னும் பொருளுடைய 'மெஸ்த்ரே' என்ற போர்த்துக்கீசியச் சொல்லே தமிழ் நாவில் மேஸ்திரி ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டு முதல் சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் போர்த்துக்கீசியர் குடியிருந்து வாணிகம் செய்தனர். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அவர்கள் மொழி தந்தவையே. மெஸ்த்ரேக்கு மூலம் 'மாகிஸ்டெர்' என்னும் லத்தீன் சொல். தையற்கடை மாஸ்டரும், நீதிமன்றத்து மாஜிஸ்திரேட்டும் அதே வேரில் கிளைத்தவர்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

கட்டட வேலை என்பது இச்சொல்லின் ஒரு பொருள் மட்டுமே. கொத்தனார், சித்தாள் என்று ஆட்களைச் சேர்த்து, வேலையைப் பங்கிட்டு, வாரக்கடைசியில் கூலி கொடுப்பவரே மேஸ்திரி என்பதால், எந்தத் தொழிலிலும் ஆட்களுக்குத் தலைமை தாங்கியவருக்கு அப்பெயர் பொருந்திற்று. பர்மாவில் அது ஒரு பெரிய ஏற்பாட்டின் பெயராகவே ஆகிவிட்டது. ரங்கூன், அக்யாப், பசீன், மோல்மீன் துறைமுகங்களின் அரிசி ஆலைகளுக்கும், கீழ்ப்பர்மாவின் நெல் அறுவடைக்கும் ஆள் தேவைப்பட்ட காலத்தில், தமிழ், தெலுங்கு ஊர்களுக்குச் சென்று முன்பணமும் கப்பல் கட்டணமும் கொடுத்து ஆட்களை அழைத்து வந்தவரும், வேலையிடத்தில் அவர்களை மேய்த்தவரும் மேஸ்திரிகளே. முதலாளி கூலியை ஆளிடம் நேராகத் தராமல் மேஸ்திரியிடமே தருவது வழக்கமாக இருந்தது. முன்பணத்தையும் தம் பங்கையும் கழித்துக்கொண்டு, மிச்சத்தை அவர் கொடுப்பார். ஒருவருக்குக் கீழ் ஒருவராக மேஸ்திரிகள் அமைந்த இடங்களில், ஆளின் கைக்கு வந்து சேர்ந்த தொகை மேலும் சுருங்கியது. ஆகவே இப்பெயரில் மரியாதையும் மனக்கசப்பும் சேர்ந்தே இருந்தன என்பதை, தங்கள் பாட்டனாரைக் குறை கூறும் எண்ணம் சிறிதுமின்றி, சொல்லியாக வேண்டும்.

இலங்கையிலும் மலாயாவிலும் இதே பணியைச் செய்தவர் கங்காணி. அது 'கண்காணி' என்ற தூய தமிழ்ச்சொல்லின் மரூஉ. மொரீசியசிலும் தென்னாப்பிரிக்காவிலும் கரும்புத் தோட்டங்களில் ஆட்களை மேற்பார்த்தவர் 'சிர்தார்' எனப்பட்டார், அது பாரசீகம்.

தங்கள் வீட்டில் பழைய கணக்கேடு இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆட்களின் பெயர்களுக்கு எதிரே முன்பணமும், கப்பல் கட்டணமும், பிடித்தமும் வரிசையாக எழுதப்பட்டிருந்தால், பாட்டனார் ஆள் கட்டி வந்த மேஸ்திரி என்று உறுதியாகக் கொள்ளலாம்.